குசினிக்கு வந்த உக்ரேனிய ஞானி

1

இத்தாலியின் இந்தப் பலெர்மோ ஊரில் நவம்பர் பிறந்தால் செத்தவர்கள் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொண்டுவருவார்கள். வியா மக்வேதாத் தெருக் கடைகளில் சீனியில் வார்த்த பொம்மைகள் வரிசையாக நிற்கும். குதிரையில் ஏறிய வீரன், பாவாடையை விரித்து ஆடுகிற பெண். வீட்டில் இறந்துபோன யாரோ வந்து கட்டிலடியில் வைத்துவிட்டுப் போனதாகப் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். நானும் என் மகள் தர்சினியும் வந்து சேர்ந்த முதல் வருடம், அவள் பள்ளிக்கூடத்தில் இதைக் கேட்டுக்கொண்டு வந்து, "எங்கடை செத்த ஆக்களுக்கு இந்த வீட்டு விலாசம் தெரியுமோ அம்மா?" என்றாள். நானும் என் புருஷனும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

அதே மாதத்தில், ஒரு கிழமை கழித்து, எனக்கு இன்னொரு இறந்தவரின் நாளும் வருகிறது. அவர் என் இனசனம் இல்லை. இருநூறு வருடங்களுக்கு முன் உக்ரேன் நாட்டில் ஊர் ஊராக நடந்து திரிந்த ஒரு தத்துவ ஞானி, கவிஞர். அவருடைய பெயரை என் நாக்கு இன்னும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை. பிழையாக எழுதுவதைவிட எழுதாமல் விடுவதுதான் மரியாதை. எங்கள் வீட்டில் அவருக்கு 'நடைக்காரர்' என்று பெயர்.

இந்தக் கிழமை அவருடைய நாள் வந்து போனது. நான் வேலைக்குப் போனேன், யன்னல் துடைத்தேன், திரும்பி வந்தேன். அவரைப் பற்றி ஒரு சொல் கதைக்க ஆளில்லை. அவரை எனக்குத் தந்த ஹலீனா இப்போது பலெர்மோவில் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு என்றாலும் சொல்லி வைப்போமே என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

2

நாங்கள் பலெர்மோவின் ஒரேத்தோப் பக்கத்தில் இருக்கிறோம். இவருக்கு ஓர் உணவகத்துச் சமையலறையில், எங்கள் பேச்சில் குசினியில், வேலை. அவர் வந்து படுக்கும்போது நான் நித்திரை. நான் எழும்பிப் போகும்போது அவர் நித்திரை. தர்சினி பள்ளிக்கூடம் விட்டால் சிநேகிதிகளோடு போய்விடுவாள். ஒரே கதவுக்கு மூன்று திறப்பு வைத்திருக்கிற வீடு எங்களுடையது.

குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில், தங்கும் அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் இந்த வீட்டைப் பற்றி ஒரு விசாரணை நடக்கும். எங்கள் வழக்கப்படி இவருக்குக் குடும்பப் பெயர் அவருடைய தகப்பனின் பெயர். எனக்கு என் ஐயாவின் பெயர். தர்சினிக்கு இவருடைய பெயர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் மூன்று கடதாசிகளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "நீங்கள் உண்மையிலேயே ஒரு குடும்பமா?" என்பார். வரிசையில் நிற்கிற சனம் சிரிக்கும். அந்த நேரங்களில் எனக்கே ஒரு சந்தேகம் வரும்.

இரண்டு வருடத்துக்கு முன்புவரை நான் லிபெர்த்தாத் தெருவில் ஒரு பெரிய வீட்டில் வேலை செய்தேன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வழக்கறிஞர், மனைவியை இழந்தவர். எல்லாரும் அவரை அவொக்காத்தோ என்பார்கள். முதல்நாள் அந்தச் சொல் காதில் விழுந்தபோது நான் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் வழக்கறிஞரைச் சொல்கிற அப்புக்காத்துத்தான் அவொக்காத்தோ! ஆரோ போர்த்துக்கீசர் எங்களிடம் விட்டுப்போன சொல் எனக்கு முன்னமே இங்கே வந்து காத்திருந்தது. அன்றிலிருந்து என் மனதில் அவர் அப்புக்காத்துத்தான். கால் இரண்டும் சரியில்லை. மூளை மட்டும் கத்திபோல.

நான் காலையில் போய்ச் சமைத்து, வீடு துப்புரவாக்கிவிட்டு மத்தியானம் கழிய வருவேன். அவரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, அந்த வீட்டிலேயே தங்கிப் பார்க்க ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். அவள்தான் ஹலீனா, உக்ரேன்காரி. ஐம்பதை எட்டிய வயது, தடித்த கைகள், நரைத்த பின்னல். அவளிடம் பெர்மெஸ்ஸோ இல்லை. சுற்றுலா விசாவில் வந்து தங்கிவிட்டவள். அவளுடைய நாடு தனியாகப் பிரிந்தபிறகு அங்கே மாதக்கணக்கில் சம்பளம் வராமல் போனதாம். புருஷன் இறந்துவிட்டார். ஒரே மகன் வளர்ந்தவன், அங்கேயே இருந்தான்.

நாங்கள் பேசியது இத்தாலிய மொழிதான். ஆனால் இத்தாலியர் யாராவது கேட்டிருந்தால் அழுதிருப்பார்கள். என் காதில் அது எங்கடை தமிழாகத்தான் விழுந்தது. ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

3

உடுப்புக் காயப்போட மொட்டைமாடிக்குப் போவோம். அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள். ஒருநாள் நனைந்த விரிப்பின் இரண்டு முனைகளை நானும் மற்ற இரண்டை அவளும் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தபோது, "அங்கை நீர் என்ன வேலை செய்தனீர்?" என்று கேட்டேன்.

"ஒரு மனுசன்ரை கதை சொல்லுற வேலை" என்றாள்.

அவளுடைய ஊருக்குப் பக்கத்து ஊரில்தான் நடைக்காரர் இறந்தாராம். அந்த இடத்தில் அவருக்கு ஒரு நினைவுமனை. பள்ளிக்கூடப் பிள்ளைகள், விவசாயக் கூட்டுறவுக்காரர், பெரிய அதிகாரிகள் எல்லாரும் பேருந்தில் வந்து இறங்குவார்களாம். ஹலீனா அவர்களைக் கூட்டிக்கொண்டு அறை அறையாகப் போய் அவருடைய வாழ்க்கையைச் சொல்வாளாம். இருபது வருடத்துக்கு மேலாக அதே கதை.

"ஒரு இடத்திலை நிக்காமல் நடந்த மனுசன்ரை கதையை நான் ஒரே இடத்திலை நிண்டுகொண்டு சொன்னனான்" என்று சிரித்தாள். "பக்கத்துப் பட்டணத்துக்கு மேலை ஒரு இடமும் போனதில்லை. இப்ப பாரும், எங்கை வந்து நிக்கிறன்."

விரிப்புக்கு விரிப்பாக, துண்டுதுண்டாக, அந்தக் கதை எனக்கு வந்து சேர்ந்தது. ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. நல்ல குரல். அந்தக் குரலுக்காகவே மகாராணியின் அரண்மனைப் பாடகர் கூட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் அங்கே தங்கவில்லை. கற்பித்தார். அவர் கற்பித்த விதம் மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை, அங்கிருந்தும் போக வேண்டிவந்தது. துறவியாகு, உன்னை உயர்ந்த இடத்தில் வைக்கிறோம் என்று மடத்தார் கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டார். அதற்குப்பிறகு சாகும்வரை நடை. ஒரு தடி, தோளில் ஒரு பை, ஒரு புல்லாங்குழல். சிநேகிதர் வீடுகளில் தங்குவார். தேனீப் பெட்டிகள் வைத்த தோட்டங்களில் இருந்து எழுதுவார். உயிரோடு இருந்த காலத்தில் அவர் எழுதியது ஒன்றும் அச்சில் வரவில்லை. சிநேகிதர்கள் கையால் பார்த்து எழுதி ஆளுக்காள் கொடுத்தார்கள். கண்தெரியாத பாடகர்கள் அவருடைய பாட்டுகளைச் சந்தைகளில் பாடினார்கள்.

"இத்தாலிக்கும் நடந்து வந்தவர் எண்டு ஒரு கதை இருக்கு. ஆதாரமில்லை" என்றாள் ஹலீனா.

"வந்திருந்தா குவெஸ்தூரா வரிசையிலை நிண்டிருப்பார்."

"நிண்டிருக்க மாட்டார். அதுதான் அவர்" என்றாள்.

அவர் எழுதியவற்றில் ஒரு விஷயம் என் மனதை விட்டுப் போகவேயில்லை. ஒவ்வொரு மனிதருக்கும் அவருடைய இயல்போடு பொருந்துகிற ஒரு வேலை உண்டாம். அதைச் செய்கிறவருக்குச் சந்தோசம். தனக்குப் பொருந்தாததைச் செய்கிறபோதுதான் துன்பம் எல்லாம் தொடங்குகிறதாம். நான் யாழ்ப்பாணம் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், தட்டெழுத்தாளராக இருந்தவள். இயந்திரத்தில் விரல் ஓடும்போது எனக்குள் ஒரு பாட்டு ஓடும். அந்த விரல்களால் இங்கே மற்றவர் வீட்டுக் குளியலறை ஓடுகளைத் தேய்க்கிறேன். "அப்ப இது என்ன ஹலீனா? இது எங்கடை வேலையோ?" என்று கேட்டேன்.

அவள் கடைசி உடுப்பையும் கொடியில் போட்டுவிட்டு, "நானும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்றாள்.

4

அந்த வருடம் ஒக்டோபர் முடிகிற நேரம் அப்புக்காத்து ஒரு காரியம் செய்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். என்னையும் போகவேண்டாம் என்றார், சாட்சிக்கு ஒருவர் இருப்பது நல்லதாம். பிறகு ஹலீனாவைப் பார்த்து, தன்னைத் திருமணம் செய்ய விருப்பமா என்று கேட்டார்.

அவர் மறைத்துப் பேசவில்லை. தனக்கு எண்பது வயதாகப் போகிறது, மிலானோவிலிருக்கும் மகள் தன்னை ஒரு பராமரிப்பு இல்லத்தில் விடப் பார்க்கிறாள், வீட்டில் மனைவி இருந்தால் அது நடக்காது. ஹலீனாவுக்கு மனைவி என்ற முறையில் பெர்மெஸ்ஸோ கிடைக்கும். "நான் உங்களிடம் வேறு ஒன்றும் எதிர்பார்க்க மாட்டேன். யோசித்துச் சொல்லுங்கள்" என்று மரியாதைப் பன்மையில் சொன்னார். என் கையில் பாஸ்தாக் கரண்டி அப்படியே இருந்தது.

ஹலீனா இரண்டு கிழமை தவணை கேட்டாள்.

எனக்கு அந்த இரண்டு கிழமையும் திருவிழாபோல இருந்தது. அவள் சம்மதிப்பாள் என்றே நினைத்தேன். மகனும் தொலைபேசியில் சம்மதிக்கச் சொன்னானாம். என் திருமணத்தை நினைத்துப்பார்த்தேன். அண்ணா ஒரு பின்னேரம் வந்து, "நாள் வைச்சாச்சு" என்றார். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். இவளிடம் ஓர் ஆள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து கேட்டிருக்கிறார். இதைவிட என்ன வேண்டும்? எனக்குச் சொந்த ஆசையும் ஒன்று இருந்தது. அவள் அந்த வீட்டுச் சின்யோரா ஆகிவிட்டால் பலெர்மோவை விட்டுப் போகமாட்டாள். மொட்டைமாடியில் விரிப்பின் மறுமுனையைப் பிடிக்க எனக்கு ஆள் இருக்கும்.

"என்ன யோசிக்கிறீர்? ஓம் எண்டு சொல்லும்" என்பேன் தினமும்.

"முதல்லை அவற்றை நாள் வரட்டும்" என்பாள்.

நடைக்காரர் இறந்து அந்த நவம்பரோடு இருநூறு வருடம். அவளுடைய ஊரில் பெரிய விழா எடுப்பார்கள், இசை இருக்கும், வெளியூரிலிருந்து அறிஞர்கள் வருவார்கள். அவளுடைய இடத்தில் நின்று வேறு யாரோ கதை சொல்வார்கள். இதைச் சொன்னபோது அவள் கண் கலங்கியதை அன்றுதான் முதல்தரம் பார்த்தேன். வாய் தவறி, "எங்கடை வீட்டிலை செய்வம்" என்று சொல்லிவிட்டேன்.

5

சரியான நாள் புதன்கிழமை. எங்களுக்கு ஓய்வு வியாழன் பின்னேரம். "ஒருநாள் பிந்தினாலும் அவர் கோவிக்க மாட்டார்" என்றாள் ஹலீனா.

குசினி என்று நாங்கள் சொல்வதை இவர்கள் குச்சீனா என்பார்கள். எங்கள் வீட்டில் ஆட்கள் இருக்கக்கூடிய ஒரே இடம் அதுதான். மேசையை ஒதுக்கினோம். நான் ரொட்டியும் சம்பலும் செய்தேன். அவள் பீற்றூட் போட்ட ஒரு சூப்பைப் பெரிய சட்டியில் காவிக்கொண்டு பேருந்தில் வந்தாள். வேலைக்கு வெளிக்கிட ஆயத்தமாக இருந்த இவரும் கதிரையில் இருந்தார். தர்சினிக்கு அப்போது பன்னிரண்டு வயது. இவருக்கு இத்தாலிய மொழி குசினிச் சொற்களுக்கு மேல் போகாது. ஆகவே தர்சினி மொழிபெயர்க்க வேண்டும் என்று ஏற்பாடு.

ஹலீனா அடுப்படியில் எழுந்து நின்றாள். கைகள் இரண்டையும் வயிற்றுக்கு மேல் கோத்துக்கொண்டாள். குரல் மாறியது. அப்புக்காத்து வீட்டில் வேலை செய்கிற பெண் மறைந்து, இருபது வருடம் சனக்கூட்டங்களை நடத்திச் சென்றவள் வந்து நின்றாள். கேட்க நாங்கள் மூன்றுபேர்.

"அவர் *லீபெரோ*" என்று தொடங்கினாள்.

தர்சினி எங்கள் பக்கம் திரும்பினாள். "அவர் வந்து… வேலைவெட்டி இல்லாத ஆள்."

இவர் சிரித்துவிட்டார். "அப்ப எங்கடை சந்தியிலை நிக்கிற ஆக்கள் மாதிரி."

"இல்லையப்பா! லீபெரோ எண்டா… பஸ்ஸிலை ஒருத்தரும் இருக்காத சீற் இருந்தா சொல்லுறது. ரொயிலற் கதவிலையும் எழுதியிருக்கும்."

ஹலீனா என்ன சிரிப்பு என்று கேட்டாள். தர்சினி விளக்கினாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சுதந்திரமான மனிதர் என்று அவள் சொல்ல வந்ததை நாங்கள் எங்கே கொண்டுபோய் வைத்துவிட்டோம்! ஆனால் ஹலீனா சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை. "பிள்ளை சொன்னது சரி. காலியாய் இருந்தவர்தான். அவரிலை ஒருத்தரும் வந்து இருக்க விடேல்லை" என்றாள்.

இதைத் தர்சினி சொன்னதும் இவர் சிரிப்பை நிறுத்தினார். "எங்கடை நல்லூர்ப் பக்கத்துச் சாமிமார் மாதிரியெண்டு சொல்லு. பெரிய உத்தியோகக்காரர் போய்க் காலிலை விழுவினம், அந்த மனுசர் ஏசிக் கலைச்சுவிடும்" என்றார். அதையும் மகள் மொழிபெயர்த்தாள். ஹலீனா இவரை முதல்தரம் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அரண்மனை, மடம், நடை, தேனீத் தோட்டம் என்று கதை போனது. பிறகு அவள் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள்.

"இனிச் சொல்லப்போறதை நான் அங்கை ஒருநாளும் சொன்னதில்லை. ஆதாரம் இல்லாத கதை. பிழையெண்டு படிச்ச ஆக்கள் சொல்லுவினம்" என்றாள். நடைக்காரர் ஒரு வீட்டில் தங்கினாராம். வீட்டுக்காரருக்கு அவரில் நல்ல விருப்பம். ஒரு மகள் இருந்தாள். அவள் அன்பானவள், வீடும் வசதியானது. திருமணம் பேசி நாளும் வைத்தார்கள். கோயில் வாசல்வரை வந்தாராம். அங்கிருந்து திரும்பி ஓடிவிட்டாராம்.

தர்சினி மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு நேரே கேட்டாள்: "அந்தப் பொம்பிளைக்கு என்ன நடந்தது?"

"ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை" என்றாள் ஹலீனா.

கடைசியாக, அவர் ஒரு சிநேகிதர் வீட்டில் இறந்ததையும், தன் குழியைத் தானே வெட்டிவிட்டுக் குளித்து வந்து படுத்தார் என்று சனம் சொல்வதையும் சொல்லி முடித்தாள். இவர் எழும்பி வேலைக்குப் போகும்போது அவளைக் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் சூப்புச் சட்டியைக் கழுவினேன். அப்புக்காத்துக்கு என்ன பதில் கிடைக்கப்போகிறது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

6

அடுத்தநாள் மொட்டைமாடியில் சொன்னாள்: "மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன் ஹலீனா? அவர் நல்ல மனுசன்."

"நல்ல மனுசன்தான். அதாலைதான். இப்ப நான் அவரைக் குளிப்பாட்டேக்கை எனக்கு அவரிலை இரக்கம் வருது. கட்டினா, அவர் சாகிற நாளை எண்ணிக்கொண்டிருக்கிற பொம்பிளையாப் போவன். எனக்கு என்னைத் தெரியும்."

"உமக்குப் பெர்மெஸ்ஸோ கிடைச்சிருக்கும்."

"ஓம்."

"மகனைப் போய்ப் பார்த்திட்டுத் திரும்பி வந்திருக்கலாம்."

"ஓம்" என்றாள்.

இழப்பு எவ்வளவு என்று தெரியாமல் செய்தவளாக இருந்தால் அவளோடு சண்டை பிடித்திருப்பேன்.

அப்புக்காத்து அதைப் பெரிய மனிதராகவே எடுத்துக்கொண்டார். கழுத்துப்பட்டி கட்டிய அந்தக் கிழவனை மறந்துவிடுங்கள், வேலையில் மட்டும் இருங்கள் என்று கேட்டாராம். அவளும் இருப்பதாகச் சொன்னாள். ஆனால் கட்டடத்துக் காவலாளி வழியாகவோ யார் வழியாகவோ கதை மிலானோவுக்குப் போய்விட்டது. மகள் விமானத்தில் வந்து இறங்கினாள். நல்ல உடுப்பு, மெல்லிய குரல். ஹலீனாவை ஒரு சொல்லும் ஏசவில்லை. இனித் தேவையில்லை என்றாள். தகப்பனுக்குக் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற இல்லமொன்றில் இடம் பார்த்தாகிவிட்டது என்றாள். அவர் மறுத்துப்பார்த்தார். பிறகு என் முன்னாலேயே அழுதார். ஆயுள் முழுக்க மற்றவர்களுக்காக வாதாடிய மனிதர், தனக்காக இரண்டு வசனத்துக்கு மேல் பேச முடியாமல் இருந்தார். வீட்டைப் பூட்டினார்கள். எனக்கும் அங்கே வேலை முடிந்தது.

எங்கள் வீட்டில் வந்து இரும் என்று ஹலீனாவைக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்து, "உங்கடை வீட்டிலை இடம் இல்லை, எண்டாலும் கேட்டீர்" என்றாள். நாப்போலியில் அவளுடைய நாட்டுப் பெண்கள் சிலர் இருந்தார்கள். பின்னேரக் கப்பலுக்கு வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போனேன். பாரவூர்திகள் உறுமிக்கொண்டு கப்பலின் வயிற்றுக்குள் ஏறின. சனம் ஓரமாக நடந்து ஏறியது.

"அங்கை வேலை இருக்குதோ?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"பயமில்லையோ?"

"பயம்தான். என்ன கௌரி, நான் சொன்ன கதையிலை அவருக்குப் பயமிருந்தது எண்டு நான் ஒருநாளும் சொன்னதில்லை. இருந்திருக்கும். அதைச் சொல்ல மறந்துபோனன்" என்றாள்.

கட்டிப்பிடித்துக் கன்னத்தில் மூன்று தரம் கொஞ்சினாள். கூட்டத்துக்குள் அவளுடைய நரைத்த பின்னல் கொஞ்சநேரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. நான் பேருந்து எடுக்காமல் வீடுவரை நடந்து வந்தேன்.

7

நாப்போலியிலிருந்து ஒருமுறை தொலைபேசி எடுத்தாள். பிறகு வடக்கே ஏதோ ஒரு நகரத்திலிருந்து ஒருமுறை. அங்கே மூடுபனி என்றாள், ஒரு கிழவியைப் பார்க்கிறேன் என்றாள். அதற்குப்பிறகு இல்லை. எடுக்க என்னிடம் இலக்கம் இல்லை.

இப்போது நான் நாய் வளர்க்கிற ஒரு சின்யோராவிடம் வேலை செய்கிறேன். அவள் வேகமாக, சுத்தமாகக் கதைப்பாள். நான் தலையாட்டுவேன். ஹலீனாவும் நானும் கதைத்த இத்தாலியன் வேறு. அதில் இறந்தகாலம் இல்லை, எதிர்காலம் இல்லை. நேற்றைக்கும் நாளைக்கும் ஒரே வினைச்சொல். ஆண்பால், பெண்பால் எல்லாம் இடம்மாறி நிற்கும். அந்த மொழியைப் பேச உலகத்தில் இரண்டே இரண்டுபேர் இருந்தோம். ஒருவர் போய்விட்டால் மற்றவர் அதை யாரோடு பேசுவது?

போன வருடம் ஐப்பசியில், ஆமி நெருங்கி வர, யாழ்ப்பாணமே வீடுகளை விட்டு எழும்பி நடந்தது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நடந்தவர்கள் நீங்கள். இங்கே தொலைக்காட்சியில் அது வரவில்லை. அண்ணாவின் குரலைப் பல நாள் கழித்துத்தான் கேட்டேன். "மழைக்குள்ளை நடந்தம். எங்கை போறம் எண்டு தெரியாமல் நடக்கிறது எவ்வளவு பாரம் தெரியுமோ பிள்ளை?" என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு நடைக்காரரில் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லமுடியாது. தடியும் பையும் புல்லாங்குழலுமாக நடந்தாராம்! குழந்தையையும் சட்டிபானையையும் தூக்கிக்கொண்டு நடந்து பார்க்கட்டும்.

பிறகு கோபம் ஆறியது. அவர் போன இடமெல்லாம் யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள். திறக்கிற கதவுகள் இருந்தபடியால்தான் அவரால் நடக்க முடிந்தது. ஊர்ச்சனத்துக்கும் தென்மராட்சியில் தெரியாத வீட்டுக்காரர் கதவு திறந்தார்கள் என்று அண்ணா சொன்னார். இதை ஹலீனாவிடம் சொல்லி, நீர் என்ன நினைக்கிறீர் என்று கேட்கவேண்டும் போலிருந்தது. கேட்க ஆளில்லை.

8

இவ்வளவும் எழுதி வைத்திருந்த நேரம், தர்சினியின் பள்ளிக்கூடத்திலிருந்து என்னை வரச்சொன்னார்கள்.

தர்சினிக்கு இப்போது பதினான்கு. வீட்டில் என்னோடு பேசுவது குறைவு. பேசினால் பாதி பலெர்மோத் தெருவின் இழுவையோடு வரும். என்ன குழப்பம் செய்தாளோ என்று யோசித்துக்கொண்டு போனேன். இளம் ஆசிரியை ஒருவர் இருக்கச் சொன்னார். மகள் பக்கத்தில் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வகுப்பில் வெளிநாட்டுப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்களாம். ஒவ்வொருவரும் தங்கள் நாட்டின் ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுந்து பேசவேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். தர்சினி நன்றாகப் பேசினாளாம். வகுப்பே சத்தமில்லாமல் கேட்டதாம். "ஆனால் சின்யோரா, நான் பிறகு தேடிப்பார்த்தேன். அந்த மனிதர் உக்ரேன்காரர். இவளுக்குக் கேள்வி விளங்கவில்லையா? அல்லது உங்கள் நாட்டைச் சொல்ல வெட்கப்படுகிறாளா? அதுதான் எனக்குக் கவலை" என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார்.

நான் மகளின் பக்கம் திரும்பினேன். "ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனி?"

"என்ரை நாடு எண்டா நான் ஆரைச் சொல்லுறது அம்மா? வரேக்கை நான் சின்னப்பிள்ளை. அங்கை எனக்கு ஒருத்தரையும் தெரியாது." அவள் சப்பாத்தை நிலத்தில் தேய்த்தாள். "இவரைத்தான் தெரியும். எங்கடை குசினியிலை வைச்சுத்தானே தெரியும்."

என்ன சொல்கிறாள் என்று ஆசிரியை கேட்டார். எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழி முழுவதையும் கூட்டிப்பார்த்தேன். இருநூறு வருடத்துக் கதையைச் சொல்ல அது போதாது. "அந்த மனிதர் எங்கள் வீட்டு ஆள்" என்றேன்.

"உறவினரா?"

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு தலையை ஆட்டினேன். ஆசிரியை என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

பேருந்தில் இரண்டுபேருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான், "அங்கை சொன்னதை எனக்கும் ஒருக்கால் சொல்லன்" என்றேன்.

"தமிழிலை எனக்கு அது வராதம்மா."

"இத்தாலியனிலையே சொல்லு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பகிடி பண்ணுகிறேனோ என்று பார்த்தாள்போலும். பிறகு தொடங்கினாள். முதலில் மெதுவாக, எனக்காகச் சொற்களை உடைத்து உடைத்து. கொஞ்சத்தில் அதை மறந்துவிட்டாள். சொற்கள் ஓடத் தொடங்கின. அரண்மனை வந்தது, மடம் வந்தது. கைகள் தாமாக எழும்பி ஆடின. எனக்குப் பாதிதான் விளங்கியது. விளங்காத பாதிக்கு அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரேத்தோவில் எங்கள் தரிப்பிடம் வந்தது. கதவு திறந்தது, மூடியது. அவள் இன்னும் முடிக்கவில்லை. நான் எழும்பவில்லை.